கழுத்துப் பை

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தன் பெயர் எந்தத் தாளில் எங்கே கிடக்கிறதோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. சிட்னியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பழைய யூனிட்டில் நானும் அவரும் ஆளுக்கொரு அறையில் குடியிருந்தோம். கொரோனாவுக்கு முந்தைய காலம். நான் மதுரைக்காரன், கம்ப்யூட்டர் வேலைக்கு விமானத்தில் வந்தவன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், படகில் வந்தவர். எனக்கு அவர் அண்ணே. அவருக்கு நான் தம்பி, ஆனால் நீர், உமக்கு என்று மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். இப்போது மெல்பர்ன் பக்கம் போய்விட்டார், பார்த்து வருஷங்கள் ஆகின்றன.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும், மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். அந்த மனிதர் பாஸ்போர்ட்டைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

பிரயாணம் போகும்போது மட்டுமில்லை ஐயா, எப்போதும். முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும். தானே தைத்த ஒரு துணிப் பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஆஸ்திரேலியா பாஸ்போர்ட். சட்டைக்கு உள்ளே, நெஞ்சுக்கு நேரே. குளிக்கப் போனால் பாத்ரூம் கொக்கியில் அது தொங்கும். தண்ணீர்ச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். நடுநடுவே குழாயை மூடிவிட்டு, பை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நான் அதை முதலில் பார்த்தது மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவர் காரில் என்னையும் கூட்டிப் போவார். அவர்கள் ஊர் வழக்கப்படி சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். வெறும் மார்பு, பட்டை பட்டையாகத் திருநீறு, நடுவில் இந்த அழுக்குப் பை. விழுந்து கும்பிட்டபோது நெற்றிக்கு முன்னால் பை தரையில் பட்டு டக்கென்று சத்தம் வந்தது.

"என்னண்ணே, கோயில்லயுமா?"

"முருகனுக்கு என்னைத் தெரியும் தம்பி. கந்தோர்க்காரருக்குத் தெரியாதே."

கந்தோர் என்றால் அவர் பேச்சில் ஆபீஸ். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

படகில் வந்து சேர்ந்தபோது அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையாம். தடுப்பு முகாமில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம், படகுக்கு ஒரு நம்பர், ஆளுக்கு ஒரு நம்பர். விடியுமுன் வந்து யாரையாவது எழுப்பிக் கொண்டுபோனால், அவனைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று அர்த்தம். இதையெல்லாம் அவர் உட்கார்ந்து கதையாகச் சொன்னதில்லை. குசினியில் வெங்காயம் வெட்டும்போது ஒன்று, உடுப்புக் காயப்போடும்போது ஒன்று என்று உதிர்ப்பார். சிட்டிசன் ஆகி அந்தப் புத்தகம் தபாலில் வந்த அன்றைக்கு, "இனி என்னை ஒருத்தரும் நித்திரையால எழுப்பி பிளேன் ஏத்தேலாது" என்றாராம். அன்றைக்கே பையைத் தைத்துவிட்டாராம்.

முகாமில் அவரோடு ஒரே அறையில் கிடந்தவன் ஹமீத், தெஹ்ரான்காரன். இவர் அவனிடம் பாரசீகம் கற்றுக்கொண்டார். அவன் இவரிடம் தமிழ்க் கெட்ட வார்த்தைகள் கற்றுக்கொண்டான். நான் போன காலத்தில் ஹமீத் மெரிலேண்ட்ஸில் ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். இவருக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது, அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் விசா, நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடாத விசா. தெஹ்ரானில் அவன் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். போனில் முகம் காட்டினால், கண் மங்கிப்போன அந்த அம்மா, "இது படம், இது என் பிள்ளை இல்லை, என் பிள்ளையைத் தொட்டவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று அழுவாராம்.

ஒரு நாள் அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீர் முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராத் திரியிறனீர்தானே. என்னோட தெஹ்ரானுக்கு வாறீரோ? தனியப் போகப் பயமாக் கிடக்கு."

"அங்க போறதுல என்னண்ணே பயம்?"

"போறதுக்கில்லை. திரும்பி வாறதுக்கு."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

கிளம்பும் முன் ஹமீத் ரொட்டிக்கடையில் வைத்து எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தான். அவர்கள் ஊர் மரியாதைப் பாடம். எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லணும், மூன்றாவது தடவை வாங்கிக்கணும். டாக்ஸிக்காரன்கூட காசு வேண்டாம் என்பான், நம்பிவிடக் கூடாது, வற்புறுத்திக் கொடுக்கணும். யாராவது நம்ம பொருளைப் பார்த்து அழகாயிருக்கு என்றால் உடனே 'பிஷ்கெஷ்' என்று சொல்லணும். உங்களுக்கே காணிக்கை என்று அர்த்தம். அவர்களும் வாங்க மாட்டார்கள், ஐயோ, இது உங்ககிட்ட இருந்தாத்தான் அழகு என்று திருப்பிக் கொடுப்பார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பசி காதை அடைத்தாலும் 'இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்' என்று சொல்கிற ஊரில்தானே நானும் வளர்ந்தேன்! அண்ணன் மட்டும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி 'பிஷ்கெஷ், பிஷ்கெஷ்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

தெஹ்ரானில் போய் இறங்கியதுமே தொல்லை ஆரம்பித்தது. அங்கே எந்த விடுதியிலும் பாஸ்போர்ட்டை வாங்கி, மேஜைக்குப் பின்னால் அறைக்கு ஒன்றாக இருக்கும் மரத் தட்டில் செருகி வைத்துவிடுவார்கள். அதுதான் அந்த ஊர் வழக்கம். முதுகுப் பையோடு வருகிற வெள்ளைக்காரப் பையன்கள் எல்லோரும் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போகிறார்கள். நானும் கொடுத்தேன். அண்ணன் பையைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றார்.

"குடுங்கண்ணே, திருப்பித் தந்துடுவாங்க."

"ஏலாது. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், இவர் பாத்து எழுதட்டும்."

அந்த விடுதியில் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த விடுதியிலும் அதே கதை. மார்கழி மாதிரி குளிர், தூக்கமில்லாத பயணம், முதுகில் பதினைந்து கிலோ. எனக்குக் கோபம் தலைக்கு ஏறி, நடுத் தெருவில் நின்று கத்தினேன். "உங்களால நானும் ரோட்டுல படுக்கணுமா? இது என்ன அண்ணே பைத்தியக்காரத்தனம்?" அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், பைத்தியம்தான்" என்றார். கை மட்டும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

மூன்றாவது விடுதியின் மேலாளர் பெரிய மீசைக்காரர். அண்ணன் முகாமில் கற்ற பாரசீகத்தைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது, ஒரு வழி சொன்னார். பாஸ்போர்ட் தட்டில் இருக்கட்டும், நீங்கள் எதிரே சோபாவில் இருங்கள், வெளியே போகும்போது கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே நடந்தது. அண்ணன் மேலே கட்டிலுக்கு வாடகை கொடுத்துவிட்டு, கீழே வரவேற்பறைச் சோபாவில் தட்டைப் பார்த்தபடி படுத்தார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அவர் காலைத் தாண்டிப் போனார்கள். சைக்கிளிலேயே வந்திருந்த ஒரு ஜெர்மன்காரன், உன் நண்பருக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டான். எனக்கு மானம் போயிற்று.

அம்மாவை உடனே பார்க்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஹமீதின் தங்கை போனில் பேசி, நாங்கள் புறப்படும் நாளன்றுதான் வீட்டுக்கு வருவார் என்று சொன்னாள். அதுவரை ஊர் சுற்றினோம். தெரு முடிகிற இடத்தில் பனி மூடிய மலை, நடைபாதை ஓரத்தில் வாய்க்காலில் ஓடும் தண்ணீர், நிற்கவே தெரியாத கார்கள். தெருவைக் கடக்கும்போது அண்ணன் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார். அங்கே நெஞ்சில் கை வைப்பது வணக்கம். எதிரே வருகிறவர்கள் எல்லாம், யாரோ பெரிய மனுஷன் நமக்கு வணக்கம் வைக்கிறார் என்று தாங்களும் நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்து எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அண்ணனுக்குக் கடைசி வரை ஏன் என்று புரியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கார் எங்களை உரசிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவன் ஏதோ அட்டையைக் காட்டி, போலீஸ், பாஸ்போர்ட் என்றான். வேறு பயணிகள் எச்சரித்திருந்தார்கள், வேஷம் போட்டுக்கொண்டு வருகிற திருட்டுக் கும்பல் உண்டு என்று. அந்த நேரத்தில் அது எங்கே ஞாபகம் வருகிறது? சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாக நான், காலையில் அண்ணன் தன்னுடையதோடு வாங்கிக் கொடுத்திருந்த என் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிவிட்டேன். அடுத்து அண்ணன் பக்கம் கை நீண்டது.

அவர் தெருவில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலை மடக்கி, பையை வயிற்றுக்குள் ஒடுக்கி, "நெமிதம்! நெமிதம்!" என்று அலறினார். தர மாட்டேன், தர மாட்டேன். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. பெரிய மனுஷன் குரல் இல்லை அது. பருப்புக் கடைக்காரர் ஒருவர் ஓடி வந்தார், பின்னால் இன்னும் நாலு பேர், ஒரு பெண் குடையை ஓங்கிக்கொண்டு வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் கார் சீறிக்கொண்டு கிளம்பியது. போகிற போக்கில் என் பாஸ்போர்ட்டை ஜன்னல் வழியாக விட்டெறிந்தார்கள். அது நேராக வாய்க்காலில் விழுந்தது.

பருப்புக் கடைக்காரர் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை எடுத்துக் கொடுத்தார். எங்களை உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்தார். இரண்டு தடவை மறுக்கிற நிலையில் நாங்கள் இல்லை, முதல் தடவையே வாங்கிக் குடித்தோம். விடுதியில் அண்ணன் என் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, தலை உலர்த்தும் மெஷினால் காய வைத்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "இனி நீரும் ஒரு பை தைக்கோணும்" என்றார், அவ்வளவுதான்.

புறப்படும் நாள் மத்தியானம் தெற்குத் தெஹ்ரானில் அந்த வீட்டுக்குப் போனோம். மூட்டை முடிச்சோடுதான் போனோம், அங்கிருந்தே விமான நிலையம். ஹமீதின் தங்கை டீயும் பிஸ்தாவும் வெள்ளரிக்காயும் கொண்டுவந்து வைத்தாள். அம்மா தரையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தார். பேசியதெல்லாம் பாரசீகம். அண்ணன் எனக்குத் துண்டு துண்டாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அம்மா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இது ஹமீதைத் தொட்ட கையா?" என்று கேட்டார்.

"தொட்ட கைதான் அம்மா. கட்டிப் பிடிச்சுத்தான் அனுப்பினவன்."

என்ன சாப்பிடுகிறான், இளைத்துவிட்டானா, தலைமுடி இருக்கிறதா. கேள்வி ஓயவில்லை. கேட்டுக்கொண்டே அவர் முகத்தைத் தடவினார், தோளைத் தடவினார். கை இறங்கி நெஞ்சுக்கு வந்தது. பையில் பட்டு நின்றது.

"இது என்ன?"

சொன்னார்.

"பார்க்கலாமா?"

நான் வெள்ளரிக்காயை மெல்லுவதை நிறுத்திவிட்டேன். விடுதிக்காரனுக்குக் கொடுக்காத, தெருவில் உட்கார்ந்து அலறிய மனிதர். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, பையை எடுத்து, உறையை உருவி, அந்த அம்மாவின் கையில் வைத்தார். அம்மா கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அட்டையில் இருந்த கங்காருவை விரலால் தடவினார்.

"எவ்வளவு அழகு!"

"பிஷ்கெஷ்" என்றார் அண்ணன்.

பாவி மனுஷன், படித்த பாடத்தைச் சொல்லிவிட்டார்! எந்தப் பொருளுக்குச் சொல்கிறோம் என்றே யோசிக்கவில்லை. தங்கையின் கையில் தட்டு அப்படியே நின்றது. அம்மா, ஐயோ வேண்டாம், உங்ககிட்ட இருந்தாத்தான் அழகு என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டார்.

"அப்போ சரி. என் ஹமீத் இதை வச்சுக்கிட்டு வரட்டும்."

கன்னத்துக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

தங்கை பதறிப்போய், அம்மா, அது மரியாதைக்குச் சொன்னது, கொடுங்கள் என்று கெஞ்சினாள். கையை நுழைத்து எடுக்கப் பார்த்தாள். அம்மா சின்ன முனகலோடு இன்னும் இறுக்கிக்கொண்டார். அண்ணன் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டார்.

"அண்ணே, ஏர்போர்ட் எவ்வளவு தூரம் தெரியுமா? இந்த டிராஃபிக்ல இப்பவே கிளம்பணும்."

"படுக்கட்டும் தம்பி."

"எழுந்திரிச்சுத் தரலைன்னா?"

"தராட்டி என்ன செய்யிறது? பிடுங்கேலுமோ?"

சொன்னாரே ஒழிய, முகத்தில் ஈ ஆடவில்லை. அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் அவர் இந்த ஊரில் யார்? திரும்பவும் ஒரு நம்பர்தானே? கை தானாக நெஞ்சுக்குப் போகும், ஒன்றும் இல்லாமல் மடிக்குத் திரும்பும். திரும்பப் போகும். தங்கை சுவரோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். ஜன்னல் வெயில் கம்பளத்தைத் தாண்டிச் சுவரில் ஏறத் தொடங்கியது. நான் மணி பார்ப்பதை அவர் பார்த்துவிட்டு, கடுப்போடு, "அந்த மனுசி பிள்ளையைக் கண்டு எவ்வளவு காலம் எண்டு உமக்குத் தெரியுமோ? கொஞ்சம் பொறும்" என்றார். என்னிடம் அவர் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அம்மா விழித்து, "ஹமீத்?" என்றார்.

அண்ணன் மண்டியிட்டுக் கிட்டே போனார். நான் ஹமீத் இல்லை அம்மா, அவனுடைய கூட்டாளி என்றார். அம்மா அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு கன்னத்துக்கு அடியில் துழாவி பாஸ்போர்ட்டை எடுத்து, முக்காட்டுத் துணியால் அட்டையைத் துடைத்தார்.

"இது அவனுக்கு உதவாதுன்னு எனக்குத் தெரியும், மகனே. கொஞ்ச நேரம் உதவும்னு நினைச்சுத்தான் படுத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன்."

பையையும் கேட்டு வாங்கி, அதற்குள் போட்டு, தானே அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். அண்ணன் குனிந்து அவர் காலைத் தொட்டு, தமிழில், "போட்டு வாறன் அம்மா" என்றார். நாங்கள் தெருவில் இறங்கியதும் தங்கை ஒரு கிண்ணம் தண்ணீரை எங்கள் பின்னால் ஊற்றினாள். போகிறவர்கள் திரும்பி வர வேண்டும் என்று அங்கே அப்படி ஊற்றுவார்களாம்.

டாக்ஸிக்காரர் எப்படி ஓட்டினாரோ, அவருக்குத்தான் தெரியும். கவுண்டரை மூடுகிற நேரத்தில் போய் விழுந்தோம். காசு வேண்டாம் என்றார் அவர். மூன்று தடவை கெஞ்சி வாங்க வைக்க நேரமில்லாமல், சீட்டில் வைத்துவிட்டு ஓடினோம்.

சிட்னியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. பையும் கையுமாக நேரே மெரிலேண்ட்ஸ் ரொட்டிக்கடை. ஹமீத் மாவுக் கையோடு ஓடி வந்து, "அம்மா எப்படி இருக்கா?" என்று கேட்டான். அண்ணன் சட்டைக்குள் கையை விட்டுப் பையைக் கழற்றி நீட்டினார்.

"இதைக் கன்னத்துக்குக் கீழ வைச்சுப் படுத்தவ. நல்ல நித்திரை கொண்டவ."

ஹமீத் கையை ஏப்ரனில் துடைத்தான். திரும்பத் திரும்பத் துடைத்தான். பிறகு வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு, மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான். ரொட்டி வாங்க நின்றவர்கள் ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. திருப்பித் தருவான் என்று நான் நின்றேன். அண்ணன் என் தோளைத் தட்டி, "வாரும், பஸ் வந்திட்டுது" என்று நடந்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை தெஹ்ரானிலிருந்து செய்தி வந்தது. அம்மா போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் கோயிலில் அண்ணன் சட்டையைக் கழற்றினார். வெறும் மார்பு. கழுத்தைச் சுற்றிக் கயிறு கிடந்த இடத்தில் மட்டும் வெளுத்த கோடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணே, இன்னும் வாங்கலையா? பாஸ்போர்ட் எங்க?"

"அவனிட்டக் கிடக்கு."

"எப்ப வாங்குவீங்க?"

அவர் திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசினார், மார்பில் பூசினார், கழுத்துக் கோட்டின் மேலும் பூசினார்.

"அதைத் தலைமாட்டில வைச்சாத்தான் அவனுக்கு நித்திரை வருதாம். கிடக்கட்டும் தம்பி."